கேம் இசை நாமினேஷன்: எது செல்லும், எது செல்லாது? விதிகளை இங்கேயே பேசி முடிப்போம்

ஊட்டி_வர்க்கி (நடத்துபவர்) | அக்டோபர் 18, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நாமினேஷன் இழையைத் திறப்பதற்கு முன்னாலேயே விதிகளைப் பேசி முடித்துவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன். போன வருடம் பாதியில் விதியை மாற்றியதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பது இவ்வளவுதான். ஆளுக்கு ஐந்து மெட்டு. ஒரே கேமிலிருந்து இரண்டுக்கு மேல் கூடாது. ஒருவர் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிந்தால்தான் வாக்கெடுப்புக்குப் போகும். மெட்டு அந்தக் கேமுக்காகவே போட்டதாக இருக்க வேண்டும்; ஏற்கெனவே வெளியான பாட்டை லைசென்ஸ் வாங்கிச் சேர்த்தது செல்லாது. கேட்க ஒரு லிங்க், கேமில் எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு வரி. ஏஐ வைத்துச் செய்தது வேண்டவே வேண்டாம். கடைசி நாள் நவம்பர் 30.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். டிசம்பரில் வந்து சண்டை போட வேண்டாம்.

கூடலூர்_ஜாய்ஸ்டிக் | அக்டோபர் 18, இரவு 9.40

முதல் ஓட்டை நானே. வைஸ் சிட்டி கேமில் கார் ரேடியோவில் ஓடும் பாட்டு மொத்தமும் வெளியேயா? அந்தக் கேமே ரேடியோதானே அண்ணா. 2002-ல் வந்த கேமை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது காரில் ஏறியதும் பாதியில் பிடிக்கிற பாட்டுதான், துப்பாக்கி கூட இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டியில் தமிழ்ப் பாட்டுதான் ஓடும். கேம் ஃபோல்டருக்குள் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் உண்டு, அதில் எதைப் போட்டாலும் தனி ரேடியோவாக வந்துவிடும். சென்டர் அண்ணன் எண்பதுகளின் டூயட்டாகப் போட்டு நிரப்பியிருந்தார். கேம் செய்தவர்களே அதை வைத்தார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பினேன். வேறு கடையில் போய் விளையாடியபோது இங்கிலீஷ் பாட்டு வந்ததும், கடைக்காரர் கேமைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

குன்னூர்_பல்சக்கரம் | அக்டோபர் 18, இரவு 10.05

ஜாய்ஸ்டிக் தம்பி, அந்த டூயட்டுக்கு ஏற்கெனவே நிறைய விருது கொடுத்துவிட்டார்கள், விடு.

லைசென்ஸ் பாட்டு கூடாது என்பது சரியான விதி. ஆனால் ‘இந்தக் கேமில் லைசென்ஸ் பாட்டு இருக்கிறது, ஆகவே கேமே வெளியே’ என்று ஆகிவிடக் கூடாது. ரோட் ராஷ் நினைவிருக்கிறதா? 1996-ல் வந்த கம்ப்யூட்டர் பதிப்பு. மெனுவில் சவுண்ட்கார்டன் மாதிரி ராக் குழுக்களின் பாட்டு ஓடும். பந்தயம் தொடங்கியதும் அதெல்லாம் நின்று வேறு இசை வரும். பக்கத்தில் பைக் ஓட்டுகிறவனைச் சங்கிலியால் சாத்தும்போது ஓடியது அந்த வேறு இசைதான், அது கேமுக்காகப் போட்டது. மெனு பாட்டு செல்லாது, பந்தய இசை செல்லும். ஒரே கேமுக்குள் இரண்டும் உண்டு என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். வைஸ் சிட்டியிலும் தலைப்பு இசை கேமுக்காகவே போட்டதுதான். ஜாய்ஸ்டிக் அதை முன்மொழியட்டும், நான் வழிமொழிகிறேன்.

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 18, இரவு 10.11

எழுதிவிட்டேன்.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 19, காலை 7.30

நேற்று கரண்ட் இல்லை, இப்போதுதான் படித்தேன்.

‘கேமுக்காகவே போட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது டெட்ரிஸை என்ன செய்வீர்கள்? எல்லோரும் முணுமுணுக்கிற அந்த மெட்டு, 1989-ல் கேம்பாய் என்ற கைக்கருவியில் வந்த டெட்ரிஸில் ஏ-டைப் என்று வருவது, 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப்பாட்டு. கொரோபெய்னிகி என்று பெயர். தலைச்சுமை வியாபாரி ஒருவன் பாடுவதாக வரும் பாட்டு. சி-டைப் பாஹ்-இன் பிரெஞ்சு சூட் ஒன்றிலிருந்து எடுத்தது. மூன்றில் கேமுக்காகப் புதிதாகப் போட்டது பி-டைப் மட்டும், ஹிரோகாசு தனாகா போட்டது. உங்கள் விதிப்படி பி மட்டும் உள்ளே வரும். பி-யை யாருக்காவது பாடிக் காட்டத் தெரியுமா?

இன்னும் ஒரு வேடிக்கை: முதலில் ஜப்பானில் வெளியான கேம்பாய் பதிப்பில் ஏ-டைப் இது இல்லை. வேறு ஒரு மெட்டு இருந்தது. அடுத்த பதிப்பில்தான் ரஷ்யப் பாட்டு உள்ளே வந்தது.

கேத்தி_பிக்ஸல் | அக்டோபர் 19, காலை 8.02

டெட்ரிஸ் வெளியே என்றால் நானும் வெளியே.

குன்னூர்_பல்சக்கரம் | அக்டோபர் 19, காலை 8.20

மெட்டு நாட்டுப்பாட்டுதான். ஆனால் கேம்பாயின் நான்கு சேனலுக்குள், அதாவது ஒரே நேரத்தில் நான்கு ஒலிக்குள், அதை அடக்கி, பாஸ் அப்படிக் குதிக்க வைத்தது தனாகா. ரஷ்யாவில் யாரும் அதை அப்படிப் பாடியதில்லை. கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டை வாசித்தால் அது அவர் வாசிப்பு இல்லையா?

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 19, மதியம் 1.15

கடையில் கூட்டம், இப்போதுதான் உட்கார்ந்தேன். திருத்தம்: யாருக்கும் சொந்தமில்லாத பழைய மெட்டை, கேமுக்காகவே புதிதாக அமைத்திருந்தால் செல்லும். லைசென்ஸ் வாங்கிய பதிவை அப்படியே ஒட்டியிருந்தால் செல்லாது. டெட்ரிஸ் உள்ளே. பிக்ஸல் தம்பியும் உள்ளே.

வெலிங்டன்_ஆல்டோ | அக்டோபர் 19, இரவு 8.47

எனக்கு ஒரு சந்தேகம். நான் கேம் ஆடுகிறவள் இல்லை, பாடுகிறவள். ‘பாபா யெட்டு’வை நாமினேட் செய்யலாமா? எங்கள் சபைப் பாடகர் குழுவில் இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாடினோம். சுவாஹிலி மொழியில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபம் அது. ஆல்டோ பாகத்தைத் தமிழில் எழுதி வைத்துப் பழகினேன், அந்தத் தாள் இன்னும் பாட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இது கேமில் வந்தது என்று பாடி முடித்த பிறகு என் மகன் சொல்லித்தான் தெரியும்.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 19, இரவு 9.10

அக்கா, தாராளமாகச் செய்யலாம். 2005-ல் வந்த சிவிலைசேஷன் 4-இன் தலைப்புப் பாட்டு, கிறிஸ்டோபர் டின் போட்டது. ஆனால் எந்தப் பதிவு என்று பார்க்க வேண்டும், இங்கேதான் சிக்கல்.

கேமில் பாடியது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர் குழு, டாலிஸ்மன் என்று பெயர். டின் படித்த பல்கலைக்கழகம் அது. பிறகு 2009-ல் அவர் தன் ஆல்பத்துக்காக இதையே மறுபடி பதிவு செய்தார். அதில் பாடியது சொவேட்டோ காஸ்பல் குழு. 2011-ல் கிராமி வாங்கியது அந்த ஆல்பத்தில் இருப்பது. கேமுக்காகப் போட்ட ஒரு இசை கிராமி வாங்கியது அதுவே முதல் தடவை. கேம் வந்து ஆறு வருடம் கழித்து, கேம் இசைக்கென்று ஒரு பிரிவே இல்லாத காலத்தில், ஆல்பம் என்ற வாசல் வழியாக உள்ளே போனது. கேம் இசைக்குத் தனிப் பிரிவு 2023 விழாவில்தான் வந்தது.

இப்போது தேடினால் முதலில் வருவது ஆல்பப் பதிவு. அதுதான் பெரிதாகவும் இருக்கும், ஆர்கெஸ்ட்ராவும் இருக்கும். ஆனால் கேமுக்குள் ஒலிப்பது அது இல்லையே.

வெலிங்டன்_ஆல்டோ | அக்டோபர் 19, இரவு 9.25

இரண்டையும் இப்போது கேட்டேன். எனக்கு மாணவர் பாடியதுதான் பிடித்திருக்கிறது. மூச்சு கேட்கிறது.

கூடலூர்_ஜாய்ஸ்டிக் | அக்டோபர் 19, இரவு 9.31

அக்கா ஒரே நாளில் எங்களையெல்லாம் தாண்டிவிட்டார்கள்.

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 19, இரவு 9.50

விதி: கேமுக்குள் ஒலிக்கும் பதிவு மட்டும். ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தது, கச்சேரிப் பதிவு, ரசிகர்கள் போட்ட கிட்டார் கவர், பத்து மணி நேர லூப் எதுவும் வேண்டாம். மைன்கிராஃப்ட் போடுகிறவர்கள் கவனம்: அதன் இசை ஆல்பமான வால்யூம் ஆல்ஃபாவில் கேமில் வராத சில துண்டுகளும் இருக்கின்றன. போன வருடம் அப்படி ஒன்று வாக்கெடுப்பு வரை போய்விட்டது. நான்தான் கவனிக்கவில்லை.

கேத்தி_பிக்ஸல் | அக்டோபர் 20, மாலை 5.18

அப்படியென்றால் அண்டர்டேல் கேமில் வரும் மெகலோவேனியா? அண்டர்டேல் 2015-ல் வந்தது. ஆனால் டோபி ஃபாக்ஸ் அதை முதலில் 2008-ல் எர்த்பவுண்ட் கேமை மாற்றிச் செய்த ஒரு ஹாலோவீன் ஹேக்கில் (ரசிகர் பதிப்பில்) போட்டார், நடுவில் ஒரு இணையக் காமிக்ஸிலும் வந்தது. கேமுக்காகவே போட்டதா இல்லையா?

குன்னூர்_பல்சக்கரம் | அக்டோபர் 20, மாலை 5.40

போட்டவரே தன் மெட்டைத் தன் கேமுக்குத் தூக்கி வந்திருக்கிறார். யாரிடம் லைசென்ஸ் கேட்பார், கண்ணாடியிடமா?

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 20, மாலை 6.00

செல்லும். அண்டர்டேல் பதிவு மட்டும். ஆனால் பிக்ஸல், போன வருடம் அண்டர்டேலிலிருந்து மட்டும் எத்தனை வந்தது என்று நினைவிருக்கிறதா? இரண்டு மெட்டுக் கட்டுப்பாடு வந்ததே உன் நண்பர்களால்தான்.

லவ்டேல்_புகை | அக்டோபர் 20, இரவு 10.22

எதிர்க்கருத்து சொன்னால் கோபப்பட மாட்டீர்களே? எதற்கு இவ்வளவு விதி? பிடித்ததைப் போடட்டும், பிடிக்காததை வாக்கில் தோற்கடிப்போம். மாரியோ வந்தால் வரட்டும், டூயட் வந்தால் வரட்டும்.

குன்னூர்_பல்சக்கரம் | அக்டோபர் 20, இரவு 10.40

மாரியோவை நாம் வேறு தூக்கிவிட வேண்டுமா? 1985-இன் அந்தத் தரை மெட்டை 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, கேம் இசையில் அதுதான் முதல். அதைப் போட்ட கொஜி கோண்டோவுக்கு நம் ஓட்டு இல்லாமல் தூக்கம் கெடாது. போன வருடம் முதல் மூன்று இடம் வாங்கியவை இந்த வருடம் ஓய்வெடுக்கட்டும் என்கிறேன்.

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 20, இரவு 10.58

புகை சார், விதி இல்லாத வருடத்தில் கூட்டமாக வந்தவர்கள் ஜெயித்தார்கள், தனியாக வந்து யாரும் கேட்காத ஒன்றைப் போட்டவர்கள் திரும்ப வரவில்லை. அதனால்தான். பல்சக்கரம் சொன்ன ஓய்வு, சரி. அடுத்த வருடம் அவை திரும்ப வரலாம்.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 21, காலை 7.05

ஒரு நுணுக்கம் கேட்கிறேன், திட்டாதீர்கள். சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசர் மேல் ஏறியதும் அதே மெட்டுக்கு மேல் ஒரு தாளக்கட்டு சேர்ந்துகொள்ளும், இறங்கினால் நின்றுவிடும். நாமினேட் செய்யும்போது ஏறியதா, இறங்கியதா? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 1991-ல் மங்கி ஐலண்ட் 2-க்கு லூகாஸ்ஆர்ட்ஸ்காரர்கள் ஐமியூஸ் என்று ஒன்று செய்தார்கள். நாம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடந்தால் இசை வெட்டாமல் தானே திரும்பி அடுத்த மெட்டுக்குள் போகும். அந்த இசைக்குத் தொடக்கம் எது, முடிவு எது? நாம் எவ்வளவு மெதுவாக நடக்கிறோமோ அவ்வளவு நீளம்.

கூடலூர்_ஜாய்ஸ்டிக் | அக்டோபர் 21, காலை 9.00

ஏறியதுதான். யோஷி இல்லாமல் யார் ஆடுவார்கள்.

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 21, மதியம் 2.30

மாறுகிற இசைக்கு: யாராவது கேமை ஆடும்போது பதிவு செய்ததைக் கொடுங்கள், எந்த நிலை என்று எழுதுங்கள். ஏறியதும் இறங்கியதும் சேர்த்து ஒரே மெட்டு. லூப் ஆகிற இசை இரண்டு சுற்று போதும். குறைந்தது 15 நொடி இருக்க வேண்டும். மாரியோ சாகிற சத்தத்தைப் போட்டுச் சிரிக்கிற விளையாட்டு வேண்டாம். பப்ஜி மொபைல், அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ இரண்டிலும் வருகிற ஒரே மெட்டை இரண்டு பெயரில் கொண்டுவந்தாலும் ஒன்றுதான்.

லவ்டேல்_புகை | அக்டோபர் 21, இரவு 7.44

இந்திய கேம்களுக்கு ஒரு ஒதுக்கீடு வையுங்கள். ராஜி மாதிரி.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 21, இரவு 8.01

ராஜி 2020-ல் வந்தது, செய்தவர்கள் புனேக்காரர்கள். இசை போட்டவர் லினோஸ் ட்ஸெலோஸ், கிரேக்கர். எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? நல்ல இசை, அப்படியே போடுங்கள், நான் வழிமொழிகிறேன்.

கோத்தகிரி_கேசட் | அக்டோபர் 24, இரவு 11.35

தாமதமாக வருகிறேன். இழையை முழுசாகப் படித்தேன். என்னுடைய ஐந்தில் நான்கு இடத்தை விட்டுவிடுகிறேன், ஒன்று மட்டும் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது டிவி கேம். மஞ்சள் கேசட், மேலே 9999 என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது ஏழெட்டு கேம்தான், மீதியெல்லாம் அதே கேம் வேறு லெவலிலிருந்து தொடங்கும். கேசட்டை எடுத்து ஊதி, திரும்பச் செருகி, சிவப்பு பட்டனைத் தட்டினால் முதலில் ஒரு மெனு வரும். கடற்கரை, வானத்தில் பறவைகள், ஒரு மெதுவான மெட்டு. அப்பா பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் போட்டுவிட்டு வரும்வரை டிவி என்னுடையது. எந்த கேம் ஆடுவது என்று முடிவு செய்யாமல் அந்த மெனுவையே பார்த்துக்கொண்டிருப்பேன். கோத்தகிரியை விட்டு இறங்காத எனக்கு முதல் கடல் அதுதான். நிஜக் கடலைப் பத்தாவது முடித்த பிறகுதான் பார்த்தேன். பறவைகள் குறைவாக இருந்தன.

அந்த மெனு இசையை நாமினேட் செய்கிறேன்.

குன்னூர்_பல்சக்கரம் | அக்டோபர் 24, இரவு 11.50

எனக்கும் அதே கடல்தான். வழிமொழிகிறேன்.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 25, காலை 6.50

வலிக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். அது 1955-ல் ஒரு அமெரிக்கப் படத்துக்காகப் போட்ட காதல் பாட்டு. கேசட் அடித்தவர்கள் கேட்காமல் எடுத்துச் சிப்புக்குள் போட்டுவிட்டார்கள். பழைய பொதுச் சொத்தும் இல்லை. அதோடு மெனு என்பது கேமும் இல்லை.

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 25, காலை 10.20

கேசட் அண்ணா, இரண்டு விதியில் அடிபடுகிறது. நேற்றிரவே படித்தேன், பதில் போட மனம் வரவில்லை. செல்லாது.

கோத்தகிரி_கேசட் | அக்டோபர் 25, காலை 10.41

டெட்ரிஸ்காரனுக்கு ரஷ்ய வியாபாரி பாட்டு செல்லும். எனக்கு மட்டும் கடல் செல்லாது. சரி. எழுதிவைத்த விதி, மீறச் சொல்ல மாட்டேன். அப்படியென்றால் கான்ட்ரா முதல் லெவல், காட்டு மெட்டு. யூடியூபில் தேடினால் எல்லோரும் வேகத்தைக் கூட்டிப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல லிங்க் இருந்தால் கொடுங்கள்.

மஞ்சூர்_மெட்டு | அக்டோபர் 25, மதியம் 12.15

யாரும் கூட்டவில்லை அண்ணா. நாம் கேட்டதுதான் மெதுவானது.

பெரும்பாலான பழைய கேம்களில் இசை நிரல் திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும் (பிரேமுக்கும்) ஒரு அடி நகரும். ஜப்பான், அமெரிக்க டிவியில் நொடிக்கு 60. நம் ஊர்ப் பழைய டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. அங்கே 60 நொடியில் முடிகிற மெட்டு இங்கே 72 நொடி ஓடும். சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஏனென்றால் நம் குளோன் மெஷின்களில், அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல்களில், இருந்த சிப் 1.77 மெகாஹெர்ட்ஸ், அசல் 1.79. அதனால்தான் சந்தேகமே வராது: அதே மெட்டு, அதே சுருதி, தாளம் மட்டும் இறங்கியிருக்கும். எதிரிகளும் அதே அளவுக்கு மெதுவாக ஓடினார்கள், ஆகவே நாம் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களும் இல்லை.

கூடலூர்_ஜாய்ஸ்டிக் | அக்டோபர் 25, மதியம் 12.20

கடைசி வரியை நீக்குங்கள் அண்ணா.

லவ்டேல்_புகை | அக்டோபர் 25, மதியம் 1.05

அப்போது அசல் வேகத்தைத்தான் எடுக்க வேண்டும். போட்டவர் நினைத்தது 60.

வெலிங்டன்_ஆல்டோ | அக்டோபர் 25, மாலை 4.30

‘கேமுக்குள் ஒலிக்கும் பதிவு’ என்று எனக்குச் சொன்னீர்கள். கேசட் அண்ணா வீட்டுக் கேமுக்குள் ஒலித்தது 50 தானே?

ஊட்டி_வர்க்கி | அக்டோபர் 25, மாலை 5.10

அக்கா சொன்னது விதியில் இருப்பதுதான், மறுக்க வழியில்லை. 50, 60 எதுவானாலும் செல்லும், எது என்று எழுத வேண்டும். ஆனால் சாஃப்ட்வேரில் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவரக் கூடாது. மெஷினில் ஓடியதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

கோத்தகிரி_கேசட் | அக்டோபர் 25, மாலை 5.22

மெஷின் பரண் மேல் இருக்கிறது. டிவிதான் பழையது வேண்டும். மச்சான் வீட்டில் ஒன்று இருக்கிறது, கேட்கிறேன்.

கோத்தகிரி_கேசட் | நவம்பர் 2, இரவு 9.15

ஓடுகிறது! அடாப்டர் மட்டும் புதிதாக வாங்கினேன். இரண்டு சுற்று பதிவு செய்து லிங்க் போட்டிருக்கிறேன். 50. முதல் லெவல், தொடக்கத்திலிருந்து. சாகவில்லை.

குன்னூர்_பல்சக்கரம் | நவம்பர் 2, இரவு 9.30

வழிமொழிகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வீட்டில் என்ன ஆச்சு என்கிறார்கள்.

மஞ்சூர்_மெட்டு | நவம்பர் 2, இரவு 9.41

தாளம் சரியாக இருக்கிறது. ஆனால் 20-ஆவது நொடியிலிருந்து டிரம் ஒலியைத் தரும் இரைச்சல் சேனல் ரொம்ப அதிகமாக வருகிறது. கான்ட்ராவில் டிரம் இவ்வளவு அடர்த்தி இல்லையே. மைக் வைத்தா பதிவு செய்தீர்கள்?

கோத்தகிரி_கேசட் | நவம்பர் 2, இரவு 9.44

டிவி ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்தேன். அது சேனல் இல்லை, மழை. தகரக் கூரை.

ஊட்டி_வர்க்கி | நவம்பர் 2, இரவு 10.02

அண்ணா, வெளிச் சத்தம் இல்லாமல் மறுபடி ஒன்று எடுத்துவிடுங்கள். நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. மழை விட்டதும் எடுக்கலாம்.

கோத்தகிரி_கேசட் | நவம்பர் 2, இரவு 10.06

ஐப்பசியில் கோத்தகிரியில் மழை விடுவதா? ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு விதி போடுகிறீர்கள். ஆடியோ கேபிள் தேடுகிறேன்.